கேம் சோன் போடலாம்னு இருக்கேன்: மால்ல எடுக்கறதா, சொந்தக் கட்டடத்துலயே போடறதா?

கரூர்_மாப்ள:
வணக்கம்ங்க எல்லாருக்கும். ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கறேன். ஆர்டர் ஏறறதும் இறங்கறதுமா இருக்கு, கையில இன்னொரு தொழில் இருக்கட்டும்னு நினைக்கறேன். எங்க ஊர்ல குழந்தைகளைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் உட்கார இடம் கம்மிங்க. லீவு விட்டா ஜனங்க திருச்சிக்கோ கோவைக்கோ வண்டி எடுக்கறாங்க.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, புதுசா வர்ற வணிக வளாகத்துல ரெண்டாவது மாடி, 2,800 சதுர அடி. குறைந்தபட்ச வாடகை ஒண்ணு, இல்லேன்னா விற்பனையில 18 சதவீதம், எது அதிகமோ அது. மெயின்டனன்ஸ் தனி. இன்னொண்ணு, அப்பாவோட பழைய நூல் குடோன். மெயின் ரோட்டுல இருந்து ஒரு தெரு உள்ளே. முதல் மாடி 3,000 அடி சும்மாதான் கிடக்கு, வாடகை மிச்சம்.

மெஷின் டீலர் ஒருத்தர் 20 மெஷின், ரீசார்ஜ் பண்ணி ஆடற கார்டு சிஸ்டம், சாஃப்ட் பிளே (சின்னக் குழந்தைங்க ஏறி விழுந்து ஆடற ஃபோம் இடம்) எல்லாம் சேர்த்து பேக்கேஜா தர்றேங்கறார். ஒன்றரை வருஷத்துல போட்ட காசு வந்துரும்னு எக்செல் ஷீட்டும் அனுப்பிட்டார். அதுல தினமும் 200 பேர், தலைக்கு 300 ரூபாய்னு போட்டிருக்கு. நம்பலாமுங்களா?

டோக்கன்_காலம்:
தம்பி, அந்த ஷீட்டை முதல்ல மூடி வைங்க. "தினமும்"னு போட்ட இடத்துலயே கணக்கு உடைஞ்சு போச்சு.

ஒரு ரூபாய் டோக்கன் காலத்துல இருந்து இந்தத் தொழில்ல இருக்கேன். சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் கல்லா. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஏசியும் போட்டுக்கிட்டு, மெஷின் பாட்டையும் கேட்டுக்கிட்டு பையன்கள் போன் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. வருஷக் கணக்கு பார்த்தா ஏப்ரல், மே ரெண்டு மாசம் நல்லா இருக்கும். காலாண்டு லீவு, தீபாவளி போனஸ் வாரம், அரையாண்டு, பொங்கல்ல ஓடும். ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் கட்டி வீட்டுல காசு இருக்காது. பிப்ரவரி, மார்ச்ல பரீட்சை, ஒரு குழந்தையும் வராது. சீசன் காசை எடுத்து வெச்சு ஜூன் சம்பளத்தைக் கொடுக்கத் தெரிஞ்சவன்தான் இதுல நிக்கறான்.

அந்த 18 சதவீதத்தைக் கொஞ்சம் கவனிங்க. எதுக்கு 18? ஜிஎஸ்டி கழிச்ச தொகைக்கா, கழிக்காத தொகைக்கா? கார்டுல ரீசார்ஜ் பண்ணின அன்னிக்கா, ஆடின அன்னிக்கா? பிறந்தநாள் பார்ட்டியில நீங்க வெளியில வாங்கிப் போடற பிரியாணியும் "விற்பனை"யில சேருமா? இதெல்லாம் ஒப்பந்தத்துல எழுத்துல இல்லேன்னா ஒவ்வொரு மாசமும் மேனேஜர்கிட்ட நின்னு பேச வேண்டியிருக்கும். ஃபிட்-அவுட் காலத்துக்கு, அதாவது திறக்கறதுக்கு முன்னாடி உள்வேலை நடக்கற மாசங்களுக்கு, வாடகை இல்லைன்னு வாங்குங்க. லாக்-இன், அதாவது நடுவுல காலி பண்ண முடியாத காலம், எத்தனை வருஷம்னும் பாருங்க, மால்ல கூட்டம் செட் ஆகலேன்னா அங்கதான் மாட்டிக்குவீங்க.

அப்புறம், மெஷினைப் பத்தி மட்டும் யோசிக்காதீங்க. அட்டாரிங்கற வீடியோ கேம் கம்பெனியை ஆரம்பிச்ச நோலன் புஷ்னல் 1977ல அமெரிக்காவுல சான் ஹோசேல முதல் சக் ஈ. சீஸ் கடையைத் திறந்தப்ப கூடவே பீட்சா போட்டார். பீட்சா வெந்து வர நேரம் ஆகும், அதுவரைக்கும் குழந்தைங்க ஆடும், அப்பா அம்மா உட்கார்ந்திருப்பாங்க. நம்ம ஊருக்கும் அதே கணக்குதான். அம்மாவுக்கு முதுகு சாயற நாற்காலி, சூடா ஒரு காபி, சுத்தமான டாய்லெட், உட்கார்ந்த இடத்துல இருந்தே குழந்தை தெரியற மாதிரி தடுப்பு. இதுக்கு நாலு மெஷின் காசு போனாலும் பரவாயில்லை. குழந்தை "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு கேட்டா, சரி ஆடுன்னு அம்மா சொல்லணும். அந்த அஞ்சு நிமிஷத்துலதான் அடுத்த ரீசார்ஜ் வரும்.

ரெண்டுபுள்ளக்காரி:
உங்க தொழில் பேச்சுக்கு நடுவுல கஸ்டமர் ஒருத்தி வர்றேன், மன்னிக்கணும்.

நாற்காலி எல்லாம் சரி. அந்த பொம்மை எடுக்கற கிளா மெஷின் இருக்கே, அது திருட்டு இல்லாம வேற என்ன? என் பையன் நேரா கரடி மேல இறக்கறான், நகம் பிடிக்குது, தூக்குது, மேல போன உடனே ஒரு குலுக்கு, விட்டுருது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல. பக்கத்துல நின்ன பையன்கிட்ட கேட்டா "லக் மேடம்"ங்கறான். எனக்கு என்னமோ லக்கா தெரியலை.

சாலிடர்வாசனை:
மேடம், நீங்க சொல்றது சரிதான். நான் மெஷின் சர்வீஸ் பண்றவன், ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

கிளா மெஷின்ல நகத்தோட பிடி ஒரு காயிலுக்குப் போற வோல்டேஜைப் பொறுத்தது. உள்ளே செட்டிங்ல கெட்டியான பிடி எவ்வளவு, தளர்ந்த பிடி எவ்வளவு, எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை கெட்டியா பிடிக்கணும்னு எல்லாம் வைக்கலாம். மேல போனதும் பிடி தளர்றதுக்கும் தனி செட்டிங் இருக்கு. உங்க பையன் பார்த்தது அதைத்தான். எல்லா மெஷினும் இப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க கைக்கு சர்வீஸுக்கு வர்றதுல நிறைய இப்படித்தான்.

அதைப் பேராசைப்பட்டு வைக்கறவன் இருக்கான், நியாயமா வைக்கறவனும் இருக்கான். பொம்மை 120 ரூபாய், ஆட்டம் 40 ரூபாய்னா நாலு ஆட்டத்துக்கு ஒண்ணு கொடுத்தா கடையை மூடணும். நாப்பதுக்கு ஒண்ணுன்னு வெச்சா ரெண்டாவது வாரமே அந்த மெஷின் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க. இடையில எங்கேயோ நிறுத்தணும். எங்கன்னு முடிவு பண்றது முதலாளியோட யோக்கியதை.

ரெண்டுபுள்ளக்காரி:
அப்ப "திறமை விளையாட்டு"ன்னு போர்டு வைக்காதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
வணக்கம். நான் இஞ்ச இங்கிலாந்திலை, சவுத்எண்ட் கடற்கரைப் பக்கம் ஒரு ஆர்கேட்டிலை, அதுதான் கேம் மெஷின் கடையிலை, வேலை செய்யிறன். அக்கா கேட்ட கேள்விக்கு இஞ்சத்தை நடைமுறையைச் சொல்லுறன்.

இஞ்ச 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்துக்குள்ளைதான் இந்த கிளா மெஷினும் வருது. சின்னப் பிள்ளையள் விளையாடக்கூடிய மெஷினுகளுக்கு "டி" வகை எண்டு பேர். கிளாவுக்கு ஒரு ஆட்டம் கூடினது ஒரு பவுண்ட், பரிசு 50 பவுண்டுக்கு மேலை போகக்கூடாது, காசாயும் குடுக்கேலாது. காசைத் தள்ளி விழுத்துற புஷருக்கு வேறை உச்சவரம்பு. இந்த "டி" வகை மட்டும் வைக்கிற குடும்ப ஆர்கேட்டுக்கு உள்ளூராட்சி அனுமதி பத்து வருசத்துக்கு. பெரியாக்களின்ரை "சி" வகையை வைச்சா அதுக்கெண்டு வேறை லைசென்ஸ், தடுப்புப் போட்டு தனியா, 18 வயசுக்குக் கீழை உள்ளை விடேலாது.

ஆனா எங்கடை கடையிலை கிழமை முழுக்க சனம் நிக்கிறது ரெண்டு பென்ஸ் புஷரடியிலைதான். அஞ்சு பவுண்டைச் சில்லறையா மாத்திக்கொண்டு பாட்டியும் பேரனும் ஒரு மணித்தியாலம் நிப்பினம். லாபம் சின்னன், ஆனா சனம் நிக்கிறதைப் பாத்துத்தான் வெளியாலை போறவையும் உள்ளை வருவினம்.

கரூர்_மாப்ள:
நம்ம ஊர்ல அந்த மாதிரி காசு புஷர் வைக்கலாமுங்களா?

ஆடிட்டர்மேசை:
வைக்கவே வைக்காதீர்கள். காசு போட்டு காசு வந்தால் அது நேராகச் சூதாட்டச் சட்டத்தில் போய் நிற்கும். பொம்மை மெஷினிலும் பரிசை திரும்பக் கொடுத்து பணமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் எங்கும் நுழையக்கூடாது. வீடியோ கேம் பார்லர்கள் உரிமம் வேண்டாம் என்று வாதாடிய எம்.ஜே. சிவானி வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம், உரிமம் வாங்கி ஒழுங்குமுறைக்கு உட்பட்டுத்தான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. கர்நாடகம், ஆந்திரம் சம்பந்தப்பட்ட வழக்கு. அப்போதே மெஷினைத் தில்லுமுல்லு செய்வது பற்றிய புகார்தான் விஷயத்தின் மையம். மேலே அம்மா சொன்னது புதுப் புகார் இல்லை.

2025ல் வந்த ஆன்லைன் கேம் சட்டம் வேறு, அது இணையத்தில் பணம் வைத்து ஆடுவதற்கு. அதோடு இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வரியில் ஒரு விஷயம். ஜிஎஸ்டி 18 சதவீதம். 100 ரூபாய் வாங்கினால் உங்கள் கைக்கு 84.75 தான். டீலர் ஷீட்டில் 300 ரூபாய் என்று இருப்பது உண்மையில் 254. மேலே அண்ணன் கேட்ட கேள்வி இங்கேதான் கடிக்கும். வாடகைப் பங்கு 300க்கு என்றால் 54 ரூபாய், 254க்கு என்றால் 46. தலைக்கு எட்டு ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். உள்ளாட்சியில் கேளிக்கை வரி உண்டா என்பதையும் உங்கள் மாநகராட்சியில் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பரிசுப் பொருள் வாங்கும்போது கவனம். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதி பொம்மைக்கான சுங்க வரியும் 20 சதவீதத்தில் இருந்து 2020ல் 60, 2023ல் 70 என்று ஏறியிருக்கிறது. பாரிமுனையில் மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாத பொம்மையை மூட்டையாக வாங்கி அடுக்கினால் பறிமுதல் ஆகும்.

டோக்கன்_காலம்:
பரிசுன்னு வந்ததால சொல்றேன். ஆட்டம் முடிஞ்சதும் மெஷின்ல விழற டிக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்துத்தான் குழந்தைங்க பரிசு வாங்கும். அந்த டிக்கெட் கணக்கை டீலர் சொல்லித் தர மாட்டார்.

ஒரு ஆட்டம் 50 ரூபாய், சராசரியா 20 டிக்கெட் விழுதுன்னு வெச்சுக்குங்க. டிக்கெட்டுக்கு 50 பைசா மதிப்புன்னா பரிசுச் செலவு பத்து ரூபாய். அஞ்சுல ஒரு பங்குன்னு தோணும். ஆடிட்டர் சொன்ன மாதிரி வரி கழிச்சா உங்களுக்கு வர்றது 42 ரூபாய் சொச்சம், அதுல பத்துன்னா கிட்டத்தட்ட கால் பங்கு. அதுக்கு மேல போகாம ஒவ்வொரு மெஷினையும் வாரம் ஒரு தடவை பாருங்க. எந்த மெஷின்ல டிக்கெட் ரொம்ப கொட்டுதுன்னு கார்டு சாஃப்ட்வேரே சொல்லும். ரொம்ப இறுக்கினாலும் தப்புதான். டிக்கெட் சத்தம் கேக்கலேன்னா ஹாலே செத்துப் போன மாதிரி இருக்கும்.

பரிசு அலமாரியில எல்லாரும் செய்யற வேலை ஒண்ணு இருக்கு. மேல் தட்டுல 15,000 டிக்கெட்டுக்கு ஒரு சைக்கிள் தொங்கும், அஞ்சு வருஷமா வெயில் பட்டு சீட்டு வெளுத்துப் போயிருக்கும். கீழ்த் தட்டுல ஒரே மாதிரி பென்சில், அழிப்பான், உடைஞ்ச பம்பரம். குழந்தைகிட்ட இருக்கறது 140 டிக்கெட். அதுக்கு என்ன கிடைக்கும்? நான் 100ல இருந்து 300க்குள்ளதான் நல்ல சாமான் வைக்கறேன். ஸ்டிக்கர் புக், சின்ன கார், முடி கிளிப், ஸ்லைம். குழந்தை கையில எதையாவது பிடிச்சுக்கிட்டு வெளியே போகணும். அடுத்த நாள் ஸ்கூல்ல நாலு பேர்கிட்ட காட்டும், விளம்பரத்துக்கு நான் தனியா காசு போடறதில்லை.

கசப்பு_காபி:
எல்லாம் சரி, ஜப்பான்லயே செகாங்கற பெரிய கேம் கம்பெனி ஆர்கேடை வித்துட்டுப் போயிட்டான். வீட்டுக்கு வீடு பிளேஸ்டேஷன், கைக்குக் கை போன். இதுல கரூர்ல 20 மெஷின் போட்டு யார் வரப் போறா? எஃப்டியில போட்டுட்டு நிம்மதியா தூங்கலாம்.

சாலிடர்வாசனை:
செகா வித்தது சரி. 2020 கடைசில பெரும்பங்கை ஜெண்டாங்கற கம்பெனிக்குக் கொடுத்தாங்க, 2022ல மிச்சத்தையும் கொடுத்தாங்க. வாங்கினவன் கடையை மூடலையே. கிகோன்னு பேர் மாத்தி கிளா மெஷினை நிரப்பி நடத்தறான். வீட்டுல ஆட முடியற ஆட்டத்தை வெச்ச கடைதான் போச்சு. ஏர் ஹாக்கி, பாஸ்கெட்பால், டேஷிங் கார் இதெல்லாம் எந்த வீட்டு ஹால்ல கொள்ளும்? ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி திரை ஆட்டத்தைக் கம்மி பண்ணு, உடம்பு அசையற ஆட்டத்தைக் கூட்டு, அவ்வளவுதான்.

விஆர், அதாவது கண்ணுல ஹெட்செட் மாட்டி ஆடற ஆட்டம் பத்தி யாராவது கேப்பீங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன். ஹெட்செட்டை ஒரு ஆள் கூட நின்னு மாட்டிக் கழட்டி துடைக்கணும். ஒரு குழந்தை வாந்தி எடுத்தா அன்னிக்கு வேலை முடிஞ்சது. சின்ன ஊர்ல முதல் வருஷம் வேண்டாம்.

சிங்கை_வாசகன்:
இங்கே சிங்கப்பூரில் 2022இல் இருந்து ஆர்கேட், கிளா பரிசுகளுக்கு 100 வெள்ளி உச்சவரம்பு வந்துவிட்டது. அதற்கு முன்னால் விலை உயர்ந்த போன் எல்லாம் கிளா பெட்டிக்குள் தொங்கும். வரம்பு வந்த பிறகும் கிளா கடைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. பரிசு பெரிதாக இருந்தால்தான் ஆள் வரும் என்பது உண்மையில்லை.

தண்ணிலாரி:
ஃபயர் ஃபிட்டிங் காண்ட்ராக்ட் எடுக்கறவன். இவ்வளவு பேசிட்டீங்க, ஒருத்தரும் அதைக் கேக்கலையே. தம்பி, அந்த நூல் குடோனுக்குப் படிக்கட்டு எத்தனை?

கரூர்_மாப்ள:
ஒண்ணுதான்ங்க. முன்னாடி. கீழ ரோலிங் ஷட்டர். கீழ்த் தளத்துல இப்பவும் கொஞ்சம் நூல் கோன் ஸ்டாக் இருக்கு.

தண்ணிலாரி:
அப்ப அது இப்போதைக்கு கேம் சோன் இல்லை, எலிப்பொறி.

2024 மே 25, ராஜ்கோட், டிஆர்பி கேம் சோன். சனிக்கிழமை, ஸ்கூல் லீவு, அன்னிக்கு 99 ரூபாய் சலுகை டிக்கெட். தகர ஷெட். உள்ளே கூட்டம் இருக்கும்போதே ஒரு பக்கம் வெல்டிங் வேலை நடந்துக்கிட்டிருந்தது. எரிபொருள் சேர்த்து வெச்சிருந்தாங்க. தீயணைப்புத் துறையோட தடையின்மைச் சான்று இல்லாமலே ஓடிக்கிட்டிருந்த இடம். 27 பேர் செத்தாங்க, அதுல குழந்தைகளும் உண்டு. குஜராத் உயர் நீதிமன்றம் மறுநாளே தானா வழக்கை எடுத்து, மனுஷங்க உண்டாக்கின பேரழிவுன்னே சொல்லிருச்சு.

உங்க இடத்துல கீழே நூல், மேல ஃபோம் சாஃப்ட் பிளே, நடுவுல ஒத்தப் படி. கீழே புகை கிளம்பினா அந்தப் படியே புகைபோக்கி ஆயிரும். ஷட்டர்ல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? அதனால வாடகை மிச்சம்னு எழுதாதீங்க. பின்பக்கம் இரும்புல ரெண்டாவது படிக்கட்டு, வெளிப்பக்கமா திறக்கற கதவு, ஸ்மோக் டிடெக்டர், ஹோஸ் ரீல், கரண்ட் போனாலும் எரியற வெளியேறும் வழி விளக்கு, கீழே இருக்கற நூல் முழுக்க காலி. இதுக்கு எஸ்டிமேட் வாங்கி, அதையும் கூட்டி மால் வாடகையோட ஒப்பிடுங்க. ஃபோம் வாங்கும்போது தீப்பிடிக்காத ரகம்னு டெஸ்ட் சர்டிபிகேட்டோட வாங்கணும், வாயில சொன்னா போதாது. கடை திறந்திருக்கும்போது வெல்டிங் மெஷின் உள்ளே வரவே கூடாது, எவ்வளவு அவசர ரிப்பேரா இருந்தாலும்.

ரெண்டுபுள்ளக்காரி:
இதைப் படிச்சதுல இருந்து நாங்க வழக்கமா போற இடத்துக்கு எத்தனை வாசல்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். லிஃப்ட்ல போய் லிஃப்ட்லயே இறங்கறோம். படிக்கட்டு எங்க இருக்குன்னே தெரியலை.

டோக்கன்_காலம்:
தண்ணிலாரி சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணுமில்லை. மால்னா இதெல்லாம் அவங்க பொறுப்புன்னும் விட்டுராதீங்க. உங்க கடைக்குள்ள பிளைவுட் தடுப்பு போட்டு வழியை அடைச்சா அது உங்க தலையிலதான் விழும்.

கரூர்_மாப்ள:
எல்லாருக்கும் நன்றிங்க. அப்பாகிட்ட பேசினேன். நூல் ஸ்டாக்கை எடுத்துடறேன்னு சொல்லிட்டார். பின்னாடி எங்களுக்கு எட்டடி சந்து இருக்கு, அதுல படி போடலாமான்னு இன்ஜினியர் வந்து அளந்துட்டுப் போயிருக்கார். அது முடியாதுன்னா கீழ்த் தளத்துலயே போட்டுக்கலாம், சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. மால்காரங்க வரி கழிச்ச தொகைக்குத்தான் சதவீதம்னு எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க, அதனால அது இப்போதைக்கு நிக்குது.

டீலர் பேக்கேஜ் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். கோவையில மூடற கடை ஒண்ணுல ரெண்டு ஏர் ஹாக்கி, ஒரு பாஸ்கெட்பால், ஒரு கார் ரேஸ் செகண்ட் ஹேண்ட்ல வருது. சைனாவுல இருந்து வந்த மெஷின்தான். போய்ப் பார்க்கும்போது என்ன பார்க்கணும்?

சாலிடர்வாசனை:
ஏர் ஹாக்கி: ஆன் பண்ணி, தட்டை நடுவுல வெச்சு லேசா தட்டி விடுங்க. எங்கேயாவது இழுத்து நின்னா அங்க காத்து வர்ற ஓட்டை அடைச்சிருக்கு, பெரும்பாலும் கூல் டிரிங்க்ஸ் கொட்டினது. ஓட்டை அடைப்பு எடுத்துடலாம், விலை குறைக்க மட்டும் பிடிச்சுக்குங்க. பிளோயர்ல கிரீச் சத்தம் வந்தா பேரிங் போச்சு. டேபிள் நடுவுல குழி விழுந்திருந்தா வாங்காதீங்க.

பாஸ்கெட்பால்: பத்து பந்து போட்டா பத்தும் எண்ணணும். ஒண்ணு ரெண்டு விட்டுச்சுன்னா வளையத்துக்குக் கீழ சென்சார்ல தூசி, துடைச்சா சரியாயிரும். துடைச்சும் விட்டுச்சுன்னா போர்டுல பிரச்சினை.

கார் ரேஸ்: ஸ்டீயரிங்கை விட்டுட்டுப் பாருங்க. வண்டி தானா ஒரு பக்கமா இழுத்தா உள்ளே ஸ்டீயரிங் திரும்பறதை அளக்கற பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சிருக்கு, சின்ன செலவுதான். திரையில கோடு விழுந்தா பெரிய செலவு. பின்பக்கக் கதவைத் திறந்து பவர் சப்ளை பெட்டியைப் பாருங்க. கருகின வாசனை வந்தாலோ கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலோ அந்தக் கடையில கரண்ட் ஏற்ற இறக்கத்துல ஓட்டியிருக்காங்க, மத்த மெஷினும் அப்படித்தான் இருக்கும்.

எல்லா மெஷினுக்கும் செட்டிங் மெனு பாஸ்வேர்டு, சாவி, மேனுவல் மூணையும் கையில வாங்கின அப்புறம் காசு கொடுங்க. கிரேன் லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டி தனியா கட்டணும். உங்க இடத்துல எர்த்திங் புதுசா போட்டு, கசிவு வந்தா டிரிப் ஆகற பிரேக்கர் மாட்டின பிறகுதான் பிளக்கைச் சொருகணும். குழந்தை வேர்த்த கையோட இரும்பைத் தொடும்.

கரூர்_மாப்ள:
ரொம்ப நன்றிங்கண்ணா. சனிக்கிழமை கோவை போறேன். கூட வர முடியுங்களா? போக்குவரத்தும் ஒரு நாள் கூலியும் கொடுத்துடறேன். உங்க நம்பர் போடுங்க.

நெறியாளர்:
போன் நம்பர்களை இழையில் போட வேண்டாம். தனிச் செய்தியில் பரிமாறிக்கொள்ளுங்கள்.

சாலிடர்வாசனை:
தனிச் செய்தி அனுப்பிட்டேன். சனிக்கிழமை வேண்டாம் தம்பி, ஞாயிறு மதியம் போகலாம். அப்பதான் கூட்டத்துல அந்த மெஷின் எப்படி ஓடுதுன்னு தெரியும்.